மீதி நாலு கொடி

ஜெயச்சந்திரன் மாஸ்டர் திருடவில்லை. யாரையும் அடித்து எலும்பை முறிக்கவில்லை. ஒரு சின்ன நீலக் கொடியைத் தலைக்கு மேலே தூக்கினார், அவ்வளவுதான். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணை மூடித் திறக்கிற நேரம். அந்த நேரத்துக்குள் மனுசன் எத்தனை தூரம் யோசித்திருக்கிறார் என்று பின்னால் நினைத்துப் பார்த்தபோது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

இது நடந்தது 2007 ஐப்பசியில். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் ஐந்து நாட்டுக் கராத்தே போட்டி. இந்தியா, இலங்கை, மலேசியா, நேபாளம், கென்யா. வாசலில் 'அனைத்துலகக் கராத்தே குடும்பம்' என்று பெரிய பேனர். பேர்தான் பெரிது. ஐந்து நாட்டையும் கூட்டினாலும் நானூறு பேரைத் தாண்டாது. ஆனால் அந்த நானூறு பேரை ஒட்டவைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட சோலியா? இதை ஆரம்பித்த பெரிய மாஸ்டர் 2003இல் கண்ணை மூடினார். மூடிய மறு மாதமே ஆளுக்கொரு பக்கம் இழுக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்குப் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொண்டவர் ஜெயச்சந்திரன். பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிரில் எடுப்பார். சாயங்காலம் ஏழுரோட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரே விரலால் தட்டித் தட்டி ஐந்து நாட்டுக்கும் மெயில் போடுவார். கெஞ்சுவார், கோபிப்பார், சமாதானம் பேசுவார். சுனாமி வந்து இலங்கையில் ஒரு பயிற்சிக்கூடத்தையே கொண்டுபோனது. கூடவே ஏழு பிள்ளைகளும் போனார்கள். அப்புறம் அங்கே சண்டை மறுபடி மூண்டது. தமிழ்ப் பிள்ளைகள் கொழும்புக்கு பஸ் ஏறினாலே வழியில் இறக்கி விசாரிக்கிற காலம். எல்லாவற்றுக்கும் அவர் பதில் ஒன்றுதான்: "போட்டி நடக்கும். எப்படியாவது வந்துருங்க."

வந்தார்கள். இலங்கையிலிருந்து வந்த ஆறு பேருக்குத் தலைவர் வீரையா. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். அந்தத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில்தான், ஜெயச்சந்திரனும் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தியா வந்தவர். வீரையாவைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதே விட்டார்.

போட்டிக்கு முந்தின வாரம் மழை போட்டு வெளுத்து வாங்கியது. திண்டுக்கல்லில் இரவல் வாங்கின தரைவிரிப்புகளை ஒட்டன்சத்திரத்திலிருந்து காலியாகத் திரும்பிய காய்கறி லாரி ஒன்றில் ஏற்றிப் பழனி வழியாகக் கொண்டுவந்தார்கள். விரித்துப் பார்த்தால் ஹால் முழுக்க முட்டைக்கோஸ் வாடை. கென்யாக்காரப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஈரத் துணியும் வாளியுமாக அத்தனை விரிப்பையும் துடைத்து முடித்தது அம்சவள்ளி.

அம்சவள்ளி கொடைக்கானல் பக்கத்துப் பேத்துப்பாறைப் பெண். பதினெட்டு வயது. அம்மா நாச்சியம்மாள் பூண்டுக் காட்டில் தினக்கூலிக்குப் போகிறவள். அப்பா இல்லை. எட்டு வருசமாக மாஸ்டரிடம் படிக்கிறாள். சண்டையை விட கட்டாவில்தான் அவள் பேர் வாங்கினவள். கட்டா என்றால், எதிரில் ஆள் இல்லாமலே அடி, தடுப்பு, திருப்பம் எல்லாவற்றையும் ஒரு ஒழுங்கில் செய்துகாட்டுவது. அம்சவள்ளி கட்டா செய்தால் எதிரில் ஆள் இருப்பதாகவே தோன்றும். அந்த ஆள் மேல் நமக்கு இரக்கம்கூட வரும்.

மதுரையில் ஒரு கல்லூரியில் அடுத்த கல்வியாண்டுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். ஒரே நிபந்தனை, இந்த வருசம் வெளிநாட்டு ஆட்கள் கலந்துகொள்கிற போட்டியில் முதலிடம். இரண்டாவது இடம் செல்லாது. நேர்காணல் வருகிற வியாழக்கிழமை. முதலிடம் வராவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து அம்மாவோடு பூண்டுக் காடுதான் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியாதா? விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே அவர்தான்.

சரி, பிறகு ஏன் அப்படித் தூக்கினார்? அதற்கு ஒரு மெயிலைச் சொல்ல வேண்டும். முந்தின வருசப் போட்டியும் கொடைக்கானலில்தான். கட்டாவில் முதல் மூன்று இடமும் கொடைக்கானல் பிள்ளைகளுக்கே போனது. ஊருக்குத் திரும்பின நேபாளக்காரர் ஒரு வரி எழுதினார்: 'உங்கள் வீட்டில் நடந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் ஜெயிப்பார்கள் போலிருக்கிறது.' விளையாட்டாக எழுதினாரோ என்னவோ, மாஸ்டருக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. தின்கிற சோற்றில்கூட அந்த வரிதான் தெரிந்தது. ஐந்து நாட்டை நியாயத்தால் கட்டிவைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த ஆளுக்கு அது பொறுக்குமா?

ஞாயிற்றுக்கிழமை கட்டா இறுதிச் சுற்று. சிவப்பில் அம்சவள்ளி. நீலத்தில் வீரையா கூட்டி வந்த கலைமணி. நடுவர் ஐந்து பேர் வேண்டும். போட்டியாளரின் சொந்த மாஸ்டர் நடுவராக உட்காரக் கூடாது என்பது விதி. ஆனால் அன்றைக்குக் காலையில் வத்தலக்குண்டு ரோட்டில் மண் சரிந்து, நடுவர்கள் இருவர் வந்த வேன் நடுவழியில் சிக்கிக்கொண்டது. ஒருவருக்குப் பதில் ஆள் கிடைத்தார். இன்னொரு நாற்காலி காலி.

"நீங்களே உக்காருங்க மாஸ்டர். உங்க நேர்மைய அஞ்சு நாடும் அறியும்லா" என்றார் சேனாதிபதி. மலேசியாவில் ஈப்போக்காரர், இருபது வருசச் சினேகிதர், அவரும் நடுவர்.

வீரையாவும் கையைக் கூப்பினார். "எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லைங்க. நீங்க இருந்தா எங்கட புள்ளைக்கும் தைரியம்."

வேண்டாம் என்று மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துகூடப் போனார். அதை மறைப்பானேன்?

கலைமணி முதலில் செய்தாள். ஒடிசலான பெண். நன்றாகவே செய்தாள். கடைசி அடியில் மட்டும் தோள் லேசாக முந்திக்கொண்டது. அடுத்து அம்சவள்ளி. அவள் கும்பிட்டு நின்றதும் ஹாலில் இருமல்கூட நின்றுவிட்டது. மூன்றாவது திருப்பத்தில் இடது குதிகால் தரையில் பட்டும் படாமல், முன்பாதத்திலேயே உடம்பு முழுக்கச் சுழன்று நின்றதே, அந்த இடத்தில் மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எட்டு வருசத்தில் அவள் இப்படிச் செய்து அவர் பார்த்ததில்லை. அவர் செய்தும் யாரும் பார்த்ததில்லை.

நடுவர்கள் கையில் ஆளுக்கு ஒரு சிவப்புக் கொடி, ஒரு நீலக் கொடி. விசில் ஊதியதும் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒன்றைத் தூக்க வேண்டும். ஒருவர் என்ன தூக்குவார் என்று இன்னொருவருக்குத் தெரியாது.

விசில் வாய்க்குப் போனது. மாஸ்டருக்கு அந்த நேபாள மெயில் ஞாபகத்துக்கு வந்தது. இவளுடைய கட்டாவுக்கு எதிராகக் கொடி தூக்கக் கண்ணுள்ளவன் எவனுக்கும் மனசு வராது. மற்ற நாலு பேரும் சிவப்புதான் தூக்கப்போகிறார்கள். நாலுக்கு ஒன்று என்று அம்சா ஜெயித்துவிடுவாள். அந்த ஒன்று நம்முடையதாக இருக்கட்டுமே. சொந்தப் பிள்ளைக்கு எதிராகக் கொடி தூக்கின மாஸ்டர் என்று ஐந்து நாட்டிலும் பேசுவார்கள். அம்சாவுக்கும் நட்டமில்லை, நமக்கும் நல்ல பேர்.

விசில் அடித்தது. நீலத்தைத் தூக்கினார்.

தூக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். எதிர் மூலையில் சிவப்பு. அதற்குப் பக்கத்தில் சிவப்பு. வலது மூலையில் நீலம். அடப்பாவி என்று நினைப்பதற்குள் சேனாதிபதியின் கையைப் பார்த்தார். அதுவும் நீலம். மூன்றுக்கு இரண்டு.

இலங்கைப் பிள்ளைகள் கத்திக்கொண்டு எழுந்து ஓடிவந்தார்கள். கலைமணி நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அம்சவள்ளி அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். பிறகு நடுவர்களுக்குக் கும்பிட்டாள். மாஸ்டர் பக்கம் திரும்பினபோது ஒரு நொடி அவர் கையிலிருந்த கொடியைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அவருக்குக் கொடியைக் கீழே இறக்கவேண்டும் என்பதுகூட மறந்து போயிருந்தது.

பரிசு கொடுத்து முடிந்த பிறகு வீரையா வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்கட புள்ளைக்கு எதிரா எங்கட புள்ளைக்குக் கொடி புடிச்சீங்களே மாஸ்டர். எங்களுக்கு எங்க போனாலும் சந்தேகமும் விசாரணையும்தான். இங்க மட்டும் நியாயம் இருக்குங்க. இதை நான் ஊரெல்லாம் சொல்லுவேன்." அவர் கண் கலங்கியிருந்தது. மாஸ்டர் விரும்பின நல்ல பேர் இதோ முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. வீரையாவின் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டார்.

சாயங்காலம் ஹாலுக்குப் பின்னால், குழாயடியில் முகம் கழுவிவிட்டு அம்சவள்ளி வந்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுத்தா."

"எங்க விட்டேன்?"

அவருக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி இருந்துகொண்டார் என்றும் சொல்லலாம்.

"மத்தவுக என்ன வேணா பாத்திருக்கட்டும். நீங்க நீலம் தூக்குனீங்கன்னா நான் எங்கயோ தப்பு விட்டுருக்கேன். எட்டு வருசமா என்னையப் பாக்குறது நீங்கதானே. ரோசன பண்ணிப் பண்ணிப் பாக்குறேன், எந்த எடமுன்னு தெரிய மாட்டேங்குது. சொன்னீங்கன்னா திருத்திக்கிருவேன்."

இந்த இடத்திலாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? பத்தடி தள்ளி நேபாளக்காரர் டீ குடித்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"மூணாவது திருப்பத்துல... இடது குதிகால் எந்திரிச்சிருச்சுத்தா. குதிகால நல்லா அழுத்தி வெச்சுட்டு அப்பறமாத் திரும்பணும்."

"அதுவா!" என்றாள். முகம் தெளிந்தது. தோற்ற பெண்ணுக்கு முகம் தெளிகிறது பாருங்கள், அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை அவரால். "அது நல்லா வருதுன்னுல்ல நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். சரிங்க மாஸ்டர்." கும்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் உடம்பில் இருந்ததிலேயே அழகான ஒரு திருப்பம் அது. அதையே பொறுக்கி எடுத்துத் தப்பு என்று சொல்லிவிட்டார். வேறு ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? வாய்க்கு அதுதான் வந்தது. அவர் மனசில் அப்போது அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டில் சேனாதிபதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தட்டில் இருந்த அப்பளத்தை நொறுக்கியபடி, "பெரிய ஆளுய்யா நீ" என்றார். "உன் கொடி சிவப்புதான்னு நான் முடிவே பண்ணிட்டேன்லா. மத்த மூணும் சிவப்புதான் வரும். சரி, பாவம், சண்டை நடக்குற ஊருலேருந்து எம்புட்டுக் கஷ்டப்பட்டு வந்த பொண்ணு, ஒரு கொடியாவது விழட்டுமேன்னு நான் நீலம் தூக்கினேன். பாத்தா நீயும் நீலம்! உன் கண்ணுக்கு அந்தப் பொண்ணுதான் ஒசத்தின்னு பட்டா அப்பீல் ஏது?"

மாஸ்டர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டார். அம்சவள்ளியை யாரும் தோற்கடிக்கவில்லை. வலது மூலை நீலம் மட்டும் விழுந்திருந்தால் நாலுக்கு ஒன்று என்று அவள்தான் ஜெயித்திருப்பாள். இரண்டு பெரிய மனுசர்கள் ஆளுக்கொரு தாராளம் காட்டினார்கள். அவள் எடுத்துக் கொடுக்கச் சொல்லவே இல்லை, அவளுடையதை எடுத்துக் கொடுத்தார்கள். சேனாதிபதியாவது இரக்கப்பட்டுத் தூக்கினார். நான் எதற்குத் தூக்கினேன்? என் பேருக்கு. இதை நினைத்ததும் அவருக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் வெளிநாட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு பத்து மணிக்கு மதுரைக்கு பஸ். மாஸ்டர் வெள்ளனே எழுந்து, யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பேத்துப்பாறைக்கு விட்டார். மழை விட்டிருந்தது. வழியெல்லாம் சேறு. என்னென்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனார்.

ஊருக்கு மேற்கே பூண்டு காய வைக்கிற களம். அம்சவள்ளி அங்கே தனியாக நின்று கட்டா செய்துகொண்டிருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகி, மேலே அம்மாவின் பழைய ஸ்வெட்டர். பைக் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஓடி வந்தாள்.

"மாஸ்டர்! எப்பிடி இம்புட்டு வெரசா வந்தீங்க? இப்பத்தான் பாக்கணும் நீங்க. இருட்டோட எந்திரிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கேன். எரநூறு இருக்கும். வந்துருச்சுன்னு நெனைக்கிறேன். பாருங்க, பாருங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் களத்து நடுவுக்குப் போய் நின்றுவிட்டாள். முதல் திருப்பம், இரண்டாவது. மூன்றாவதில் குதிகாலை அழுத்தி மண்ணில் ஊன்றினாள், பிறகு திரும்பினாள். உடம்பு பாதியில் தேங்கிப் பின்னால் வந்தது. முட்டி கோணியது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். முதல் வருசப் பிள்ளைகள் செய்கிற மாதிரி இருந்தது. முடித்துவிட்டு, வலது கையால் முட்டியைத் தேய்த்தபடி, "சரியாங்க மாஸ்டர்?" என்றாள்.

அவர் அடுக்கி வைத்திருந்த வரிசை எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நீ தப்பே பண்ணலத்தா."

"என்னங்க?"

"நேத்து உன் கட்டாவுல ஒரு தப்பும் இல்ல. குதிகால்ல தப்பு இல்ல. எதுலயும் இல்ல. நீதான் ஜெயிச்ச. எல்லாரும் உனக்குத்தான் தூக்குவாங்கன்னு நெனச்சு நான் நீலத்தத் தூக்கினேன். ஊருல என்னைய நேர்மையான ஆளுன்னு சொல்லணுமில்ல, அதுக்குத்தான். அது வெனையாப் போச்சு. நீ வந்து கேட்டப்ப, சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

அம்சவள்ளி முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அப்ப, குதிகால் சரியாத்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதவிட நல்லா ஒருத்தராலயும் திரும்ப முடியாது."

"ராத்திரி அம்மா என்னையத்தான் வஞ்சுச்சு. உங்க மாஸ்டரே உனக்குத் தூக்கலைன்னா நீ என்ன லெச்சணத்துல செஞ்சுருப்பன்னு கேட்டுச்சு. நானும் ஆமா, என் தப்புத்தான்னு சொல்லிட்டேன்." குரல் உடைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இப்ப எங்கிட்டச் சொன்னத எல்லார்ட்டயும் சொல்வீங்களா? அம்மாட்ட? காலேசுல?"

சொல்வேன் என்றுதான் அவர் வந்திருந்தார். ஆனால் அவள் வாயால் கேட்டதும், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்குப் பேச்சு வரவில்லை. விதிப் புத்தகத்தின் பதினாலாவது விதி கண் முன்னால் வந்து நின்றது. கண் கண்டதற்கு மாறாகக் கொடி தூக்கின நடுவர் மறுபடி கொடி தொடக் கூடாது, பொறுப்பில் இருக்கவும் கூடாது. எழுதினவரே அவர்தான். சுனாமியில், சண்டையில், ஒரு விரலால் தட்டித் தட்டிக் காப்பாற்றின எல்லாம் அந்த ஒரு வார்த்தையோடு கையை விட்டுப் போய்விடும்.

அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள்.

"சரி, விடுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குத் திரும்பி நடந்தாள்.

அடித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. செல்போனை எடுத்தார். அந்த ஊரில் டவர் கிடைக்க வேண்டுமே! களத்தோரத்துப் பாறை மேல் ஏறினார், கையை உயர்த்திப் பார்த்தார், இறங்கி இன்னொரு பாறையில் ஏறினார். நாலாவது தடவை ரிங் போனது.

"சேனா, பஸ்ஸ எடுக்க விடாத. எல்லாரையும் ஹாலுக்குள்ள உக்கார வை. வீரையாவையும்தான். நேத்துக் கட்டாவுல நான் தெரிஞ்சே தப்பாக் கொடி தூக்கினேன். ஆமா, தெரிஞ்சேதான். பதினாலாவது விதிதான்யா, எனக்குத் தெரியாதா? அத உங்க எல்லார் முன்னாடியும் என் வாயால சொல்லணும். கடுதாசியும் எழுதித் தரணும், மத்த நடுவருங்க நீங்க நாலு பேரும் கையெழுத்துப் போடணும். வியாழக்கெழம காலேசுக்குக் கொண்டு போறேன்." அந்தப் பக்கம் என்னவோ சத்தமாகக் கேட்டது. "அந்தப் புள்ள கலைமணியோட மெடல யாரும் தொடக் கூடாது. அது கேட்டு வாங்கலையே" என்று சொல்லிவிட்டு வைத்தார். பார்த்துப் பார்த்துப் பாறையிலிருந்து இறங்கினார்.

"ஏறுத்தா வண்டியில. பூண்டுக் காட்டுல அம்மாவப் பாத்து முதல்ல அதுகிட்டச் சொல்லிருவோம். அப்பறம் ஹாலுக்குப் போவோம். நீ முன்னாடி நிக்கணும்."

அம்சவள்ளி வரவில்லை. களத்து நடுவில் நின்று தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க மாஸ்டர். அம்மா கீழ்க்காட்டுலதான் இருக்கு. வியாழக்கெழமைக்கு முன்னாடி எனக்கு இது வரணும். காலேசுல செஞ்சு காட்டச் சொன்னா என்ன பண்றது?"

"அதெல்லாம் தானா வந்துரும். நேத்து மாதிரியே செய்யி. குதிகால மறந்துரு."

"மறந்துட்டுத்தான் செய்யிறேன்" என்றாள் அவள். செய்தும் காட்டினாள். குதிகால் மண்ணில் அழுந்தியது, உடம்பு தேங்கியது. மறுபடி செய்தாள். மறுபடியும் அப்படியே. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நீங்க சொன்னதுதான் மாஸ்டர் வருது."

இனி அவர் எதைச் சொன்னாலும் அந்தக் கால் நேற்றுச் சொன்னதைத்தானே கேட்கும். பைக்கை உதைத்துக் கீழ்க்காட்டுப் பாதையில் இறக்கினார். வளைவில் ஒரு தடவை வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். களத்தில் அம்சவள்ளி கும்பிட்டு நின்று, ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். முதல் திருப்பம் வந்தது, இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் குதிகாலை அழுத்தி ஊன்றிவிட்டுத்தான் திரும்பினாள்.